சாடிக்குள் ஒரு ஓக்: நிலமற்றவர்களும் பொன்சாயும்

புலம்பெயர்ந்தோர் எழுத்தில் அடிக்கடி வந்துபோகும் உவமை ஒன்றுண்டு. நாம் பொன்சாய் மரங்கள் என்பதே அது. வேர் வெட்டப்பட்டு, கிளை முறுக்கப்பட்டு, கம்பி கட்டிக் குள்ளமாக்கப்பட்டு, யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் அழகுக்கு வைக்கப்பட்ட மரங்கள். சிறுபத்திரிகைக் கவிதைகளில் இதைப் படித்திருக்கிறோம். கவியரங்குகளில் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் நாமும் ஒருமுறை எழுதியிருக்கிறோம். எழுதிய காலத்தில் நாம் ஒரு பொன்சாயைக் கிட்டப்போய்ப் பார்த்ததுகூட இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2011 பங்குனியில் இலண்டனுக்கு வெளியே கன்றுகள் விற்கும் நேர்சரி ஒன்றில், விலை குறைத்த மூலையில் நின்ற ஓக் கன்று ஒன்றை வாங்கினோம். இடுப்பளவு உயரம், பெருவிரல் மொத்தம், கறுத்த பிளாஸ்ரிக் சாடி. அப்போது நாம் இருந்தது வாடகை வீடு. பின்வளவு முழுவதும் சீமெந்துக் கல் பதித்திருந்தது. ஒரு கல்லைப் பெயர்த்து மரம் நட நமக்கு உரிமை இல்லை. நட்டாலும் அடுத்த வருடம் அந்த வீட்டில் இருப்போமா என்பது நமக்கே தெரியாது. ஆகவே சாடியிலேயே வளர்ப்பதென்று முடிவாயிற்று. பொன்சாய் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கன்றை வளர்க்கப்போய், அது தொடர்பாகப் படிக்கப்போய், நாம் கண்டடைந்த வரலாறு ஒன்றை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருபவர்கள் நிலம் பறிபோனவர்கள், நிலம் வாங்க அனுமதிக்கப்படாதவர்கள், இரவோடிரவாக எழும்பிப் போனவர்கள் என்பது நாம் எதிர்பாராதது.

மூன்று சாடிகள்

பொன்சாய் என்ற சொல்லில் 'பொன்' என்பது ஆழமில்லாத தட்டம், 'சாய்' என்பது நடுதல். தட்டத்தில் நடப்பட்டது, அவ்வளவுதான். குள்ளம் என்ற பொருளோ முடம் என்ற பொருளோ அந்தச் சொல்லில் இல்லை. இந்தக் கலையின் தாயகம் சீனா. தாங் வம்சத்து இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறை 706ஆம் ஆண்டுக்குரியது. அதன் சுவரோவியத்தில் பணியாள் ஒருவர் சிறு மரமும் கல்லும் வைத்த தட்டத்தைத் தாங்கி நிற்கிறார். அங்கிருந்து பௌத்த துறவிகளோடும் வணிகத்தோடும் இது யப்பானுக்குச் சென்றது. 1309இல் வரையப்பட்ட கசுகா கோங்கென் சுருளோவியத்தில் தட்டத்தில் வளர்த்த மரங்களைக் காணலாம்.

யப்பானிய நோ நாடகங்களுள் 'ஹாச்சி நோ கி' என்று ஒன்று உண்டு. 'சாடி மரங்கள்' என்று தமிழில் சொல்லலாம். பனி கொட்டும் இரவொன்றில் வழிப்போக்கத் துறவி ஒருவர் ஏழை வீடொன்றில் ஒதுங்குகிறார். வீட்டுக்காரன் ஒரு காலத்தில் நிலபுலம் உள்ள வீரனாக இருந்தவன். சொந்தக்காரர்களே நிலத்தைப் பறித்துக்கொண்டதால் இந்த நிலைக்கு வந்துவிட்டான். வந்தவருக்குக் குளிர்காய விறகில்லை. அவனிடம் மிஞ்சியிருப்பவை மூன்று சாடிகள்: ஒரு பிளம், ஒரு செரி, ஒரு பைன். அவற்றை வெட்டி அடுப்பில் வைக்கிறான். அந்தத் துறவிதான் நாட்டை ஆண்ட ஹோஜோ தொக்கியோரி என்பது பின்னர் தெரியவர, அவனுடைய நிலம் திரும்பக் கிடைக்கிறது. எரித்த மூன்று மரங்களுக்கு ஈடாக, அந்த மரங்களின் பெயர் கொண்ட மூன்று ஊர்களும் கிடைக்கின்றன.

பொன்சாயைப் பற்றிய பழங்கதைகளில் மிகப் புகழ்பெற்றது இதுதான். இதில் வரும் மனிதன் காணி இழந்தவன் என்பதைக் கவனிக்க வேண்டும். காணியைக் கொண்டுபோனவர்களால் சாடியைக் கொண்டுபோக முடியவில்லை. அல்லது கொண்டுபோக வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி ரோக்கியோவைப் பெரும் பூமியதிர்ச்சி தாக்கியது. அதன் பின்னால் வந்த தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. நகருக்குள் தோட்டம் வைத்திருந்த பொன்சாய்த் தொழிலாளர்கள் சிலர் நல்ல தண்ணீரும் மண்ணும் காற்றும் தேடி வடக்கே ஓமியா என்ற இடத்துக்குப் பெயர்ந்து, 1925இல் அங்கே பொன்சாய்க் கிராமம் ஒன்றை அமைத்தார்கள். அங்கு குடியிருப்போருக்கு அவர்களே விதித்துக்கொண்ட நிபந்தனைகள் சுவையானவை. பத்துச் சாடிகளாவது வைத்திருக்க வேண்டும். படலையை எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். மாடி வீடு கட்டக்கூடாது. மதிலுக்குப் பதில் உயிர்வேலி போட வேண்டும். அகதியாக வந்தவர்கள் அமைத்த கிராமம் இன்று இந்தக் கலையின் தலைநகரமாகக் கருதப்படுகிறது. 2010இல் அங்கே பொன்சாய்க்கென்றே அரும்பொருட்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது.

நிலம் வாங்கக் கூடாதவர்கள்

யப்பானியர்கள் 1885இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் போனார்கள். கலிபோர்னியாவில் மரக்கறித் தோட்டம், பூந்தோட்டம், கன்று வளர்க்கும் நேர்சரி என்று மண்ணோடு சேர்ந்த தொழில்களிலேயே அவர்களில் பலர் காலூன்றினார்கள். காலூன்றியதே குற்றமாயிற்று. 1913இல் கலிபோர்னியா ஒரு காணிச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்கள் விவசாயக் காணி வாங்க முடியாது, மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு எடுக்கவும் முடியாது என்றது அந்தச் சட்டம். யப்பானியர் என்ற சொல் அதில் இல்லை. இருக்கத் தேவையுமில்லை. 1922இல் தாக்காவோ ஓசாவா என்பவரின் வழக்கில், யப்பானியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு வருடம் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில் இந்தியர்களுக்கும் அதே கதவு அடைக்கப்பட்டது. 1924இல் புதிய குடிவரவுச் சட்டம் யப்பானியர்களின் வருகையையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது.

இன்னொரு சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1919 ஜூனில் நடைமுறைக்கு வந்த தாவரத் தடுப்புவிதி 37, மண்ணோடு கூடிய செடிகொடிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவருவதைத் தடுத்தது. நோய், பூச்சி என்பன காரணம். யப்பானில் நூறு வருடம் வளர்த்த மரத்தைச் சாடியோடு இறக்குவது இனி எளிதல்ல. ஊரிலிருந்து மனிதரும் வரமுடியாது, மரமும் வரமுடியாது! ஆகவே அமெரிக்காவில் பொன்சாய் வளர்க்க விரும்பியவர்கள் உள்ளூர் நேர்சரியில் விற்கும் சாதாரணக் கன்றையோ, மலையில் தானாக வளர்ந்த மரத்தையோ நம்ப வேண்டியிருந்தது. நேர்சரிக் கன்றிலிருந்து பொன்சாய் செய்யும் முறை அங்கே அவ்வளவு விரிவாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஓக்லண்ட் என்ற நகரத்தின் பெயரே அங்கு நின்ற ஓக் மரங்களால் வந்தது. அந்த நகரத்தில் டொமோற்றோ குடும்பத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நேர்சரி ஒன்றைத் தொடங்கினார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசுபிக் பொருட்காட்சிக்கு யப்பானிலிருந்து வந்த மேப்பிள் மரமொன்று அவர்கள் கைக்கு வந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் நேர்சரி கைவிட்டுப்போயிற்று. மகன் தோய்ச்சி டொமோற்றோ அந்த மரத்தைக் காப்பாற்றித் தன்னுடைய ஹேவர்ட் நேர்சரியில் வைத்திருந்தார்.

1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 9066ஆம் இலக்க ஆணையில் ஒப்பமிட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டு, பத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம் என்பது உத்தரவு. வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதியில்லை. 1990இலும் 1995இலும் யாழ்ப்பாணத்திலிருந்து கையில் எடுத்ததோடு வெளியேறியவர்கள் நம் வாசகர்களிடையே உண்டு. அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்ற அந்த ஒரு மணித்தியாலத்தில் யாரும் சாடியைத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

டொமோற்றோ குடும்பம் கொலராடோவில் இருந்த அமாச்சி முகாமுக்குப் போயிற்று. மேப்பிள் ஹேவர்டில் தன் மரப்பெட்டிக்குள் நின்றது. பெட்டியில் நிற்கும் மரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் ஒரு கோடைக்கே தாங்காது. ஆனால் அந்த மரம் பெட்டியின் அடியைத் துளைத்து வேரை நிலத்துக்குள் இறக்கிவிட்டது. அவர்கள் திரும்பி வந்தபோது அது உயிரோடு நின்றது. இன்று வாஷிங்ரன் மாநிலத்தில் பெடரல் வே என்ற இடத்தில் உள்ள பசுபிக் பொன்சாய் அரும்பொருட்சாலையில் அதைக் காணலாம்.

அதே அரும்பொருட்சாலையில் கறுப்புப் பைன் ஒன்றும் இருக்கிறது. ஃபுருசாவா என்பவர் முகாமுக்குள் அடைபட்டிருந்த காலத்தில் தகரப்பேணி ஒன்றில் விதை போட்டு முளைக்கவைத்தது. விதையிலிருந்து ஒரு பைன் பார்க்கத்தக்க மரமாக வர இருபது முப்பது வருடம் வேண்டும். எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாத ஒருவர் தகரப்பேணியில் பைன் விதை போடுகிறார். 2020 பெப்ரவரியில் இந்த மரத்தையும் இன்னொன்றையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். செய்தி பரவியதும் சில நாட்களில் கொண்டுவந்து தெருவோரம் வைத்துவிட்டுப் போனார்கள். திருடர்களுக்கும் அந்தத் தகரப்பேணியின் கதை தெரியவந்திருக்கலாம்.

ஜோன் நாகா

இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத பெயர் ஜோன் நாகா. 1914இல் கொலராடோவில் பிறந்தவர். எட்டு வயதில் யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பேரனாரிடம் மரங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்து, 1935இல் மறுபடி அமெரிக்கா வந்தார். யுத்தகாலத்தில் மேற்குக் கரைக்கு வெளியே, கொலராடோவில் இருந்ததால் முகாமுக்குத் தப்பினார். 1946இல் லொஸ் ஏஞ்சல்சுக்கு வந்து தோட்டத் தொழில் செய்தார். 1950இல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அங்கே பொன்சாய்ச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்.

முகாம்கள் மூடப்பட்டு ஐந்து வருடம்கூட ஆகவில்லை. காணிச் சட்டம் 1952இல்தான் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. குடியுரிமைத் தடையும் அதே 1952இல்தான் நீங்கியது. அந்தச் சூழலில் இந்த மனிதர் தன் கலையைத் தன் ஆட்களுக்குள் பூட்டிவைக்காமல், கேட்டுவந்த வெள்ளையர், கறுப்பர், எவருக்கும் கற்றுக்கொடுத்தார். 1973இலும் 1982இலும் வந்த அவருடைய செய்முறை நூல்கள் இரண்டும் பல மொழி பேசுவோருக்குப் பாடநூலாயின.

அவர் செய்த இன்னொரு காரியமே நமக்கு முக்கியமானது. யப்பானிய மரம்தான் பொன்சாய்க்கு உகந்தது என்ற பிடிவாதத்தை அவர் விட்டார். கலிபோர்னியாவின் வரண்ட மலைகளில் நின்ற ஜூனிப்பரையும், அந்தக் கரையோரத்துக்கே உரிய ஓக்கையும் சாடிக்குக் கொண்டுவந்தார். அந்த ஓக் இலையுதிர்க்காது. இலை சிறியது, தடித்தது, விளிம்பில் முள். யப்பானில் இல்லாத மரம். மரத்தைப் பொன்சாய் போலத் தோன்றச் செய்யாதே, பொன்சாயை மரம் போலத் தோன்றச் செய் என்பதே அவருடைய போதனையின் சாரம். கலிபோர்னியாவில் ஓக்கைச் சாடியில் வைத்தால், அது கலிபோர்னியாவின் வயல்வெளியில் நிற்கும் ஓக் போலப் பரந்து நிற்க வேண்டும். கியோத்தோவின் பைன் போல நிற்கக்கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கைவேலை, வந்த இடத்து மரம். இரண்டையும் சேர்த்தவர் அவர்.

அவருடைய புகழ்பெற்ற படைப்பு 'கோஷின்'. 1948இல் இரண்டு ஜூனிப்பர்களோடு தொடங்கி, 1964இல் பேரப்பிள்ளைகளின் கணக்குக்கு ஏழு மரங்களைக் கொண்ட காடாக அதை ஆக்கினார். பேரப்பிள்ளைகள் கூட மரங்களும் கூடிப் பதினொன்றாயின. 1984இல் அதை வாஷிங்ரன் நகரத் தேசிய மரப்பூங்காவில் வைப்பதற்காகக் கொடுத்தார். 1990இல் அங்கு வட அமெரிக்க மரங்களுக்கான மண்டபம் திறக்கப்பட்டபோது அதற்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. 2004இல் காலமானார்.

இங்கிலாந்தின் ஓக்

நாம் வாங்கியது இங்கிலாந்தின் ஓக். இந்த நாட்டுக்காரர் தம் நாட்டின் அடையாளமாகக் கொண்டாடும் மரம். கொண்டாட்டத்துக்குக் காரணம் கப்பல். 1765இல் மிதக்கவிடப்பட்ட 'விக்டரி' என்ற போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வெட்டப்பட்டன. பெரும்பாலானவை ஓக். இப்படியே வெட்டிக்கொண்டுபோக, நெப்போலியன் யுத்தங்கள் முடிகிற காலத்தில் நல்ல ஓக் தட்டுப்பாடாயிற்று. ஆகவே சில கப்பல்களை மலபார்த் தேக்கில் பம்பாயில் கட்டுவித்தார்கள். அவற்றுள் ஒன்று 1817 ஒக்ரோபரில் பம்பாயில் வாடியா குடும்பத்தாரால் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் பெயர் 'திருக்கோணமலை'! இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் அது இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. ஓக் இல்லாததால் பிறந்த கப்பலுக்கு நம் ஊர்ப் பெயர்.

ஓக் தட்டுப்பாட்டைக் கண்டு கவலைப்பட்டவர்களில் தளபதி கொலிங்வூட் ஒருவர். ஊருக்கு வந்து உலாவப்போகும்போதெல்லாம் சட்டைப்பையில் ஓக் விதைகளை நிரப்பிக்கொண்டு, வழியில் இடம் கண்ட இடத்தில் நடுவார் என்று சொல்வார்கள். 1803இல் கடலுக்குப் போனவர் மறுபடி வீடு காணாமல், 1810இல் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவர் நட்டவை கப்பலுக்கு உதவும் பருவம் வந்தபோது கப்பல்களை இரும்பில் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இனி நமது ஓக்கின் கதை. செய்த முதற்பிழை, வாங்கிய கன்றை நேரே ஆழமில்லாத நீலத் தட்டம் ஒன்றில் நட்டது. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு வருடமாகியும் பெருவிரல் மொத்தம் பெருவிரல் மொத்தமாகவே நின்றது. பொன்சாய்ச் சங்கத்து முதியவர் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: சின்னச் சாடி முடிந்த மரத்துக்கு, தொடங்குகிற மரத்துக்கு அல்ல. அடிமரம் பருக்க வேண்டுமானால் அகலப் பெட்டியில் விட்டு, நன்றாகப் பசளை போட்டு, இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். கன்று வாங்கும்போதும் உயரத்தைப் பார்க்கக்கூடாது. அடியில் மண்ணை விரலால் கிளறி, அடிமரம் எங்கே விரிகிறது, வேர் நாலு பக்கமும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

2013 பங்குனியில், அரும்பு உப்பத் தொடங்கும் நேரத்தில், மரத்தை வெளியே எடுத்தோம். ஓக் ஆணிவேர் விடும் சாதி. நேர்சரிச் சாடிக்குள் கீழே போக இடமில்லாமல் ஆணிவேர் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கயிறுபோல் இறுகிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியை வெட்டி, மிச்சத்தை அடுத்த முறைக்கு விட்டோம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டினால் மரம் தாங்காது. பழைய மண்ணிலும் ஒரு பிடியைப் புது மண்ணோடு கலக்க வேண்டும். ஓக்கின் வேரோடு கூடிவாழும் பூஞ்சணம் ஒன்று அந்த மண்ணில் இருக்கிறது. அது இல்லாமல் வேருக்கு வேலை செய்ய வராது. ஆணிவேர் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து சல்லிவேர்கள் நூற்றுக்கணக்கில் கிளம்புகின்றன. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது அந்தச் சல்லிவேர்தான், ஆணிவேர் அல்ல. இதை நாம் அதுவரை அறிந்திருக்கவில்லை.

2015 பங்குனியில் அடிமரத்தை ஒரு சாண் உயரத்தில் வாளால் அறுத்தோம். அறுத்த அன்று வீட்டில் ஒருவரும் சரியாகக் கதைக்கவில்லை. எஞ்சியது ஒரு கட்டை. ஒரு இலை, ஒரு அரும்பு கிடையாது. அம்மா யன்னலால் பார்த்துவிட்டு, "பட்ட மரத்துக்கே தண்ணி ஊத்திறியள்?" என்று கேட்டார். ஏழு கிழமை தண்ணீர் ஊற்றினோம். வைகாசியில் பட்டையை வெடித்துக்கொண்டு சிவந்த அரும்புகள் வந்தன, ஒன்றல்ல பதினொன்று. அவற்றுள் நல்ல இடத்தில் வந்த ஒன்றை நடுத்தண்டாக விட்டு, கம்பி சுற்றி மெல்ல வளைத்தோம். கம்பியை ஐப்பசிக்கு முன் கழற்ற மறந்தால் பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும். நமது மரத்தின் இடப்பக்கம் அப்படி ஒரு தழும்பு இன்றும் உண்டு.

ஆனி கழிய ஓக் இரண்டாம் முறை குருத்து விடும். அந்தக் குருத்தில்தான் வெள்ளைப் பூஞ்சணம் மாவு பூசியதுபோலப் படரும். ஐரோப்பாவுக்கு இந்த நோய் வந்ததே 1907 அளவில்தான். இங்கிலாந்தின் அடையாளமான மரத்துக்கும் வந்தேறி நோய்! பூஞ்சணம் பிடித்த இலையைக் கிள்ளி, காற்றுப்படும்படி கிளைகளை ஐதாக்கினால் பெரும்பாலும் தப்பிவிடும். மாரியில் இளம் ஓக் தன் காய்ந்த இலையை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு நிற்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிடக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கவும் கூடாது. இதற்குக் குளிர் வேண்டும், உறைபனிக்காலத்து ஓய்வு வேண்டும். வரவேற்பறையில் வைத்த ஓக் நெடுநாள் தங்காது. ஆகவே நம் கவிதைகளில் வந்த வரவேற்பறையும் பிழை.

2018இல் நடுத்தண்டை மறுபடி அறுத்தோம். அடி பருத்து மேலே போகப்போக ஒடுங்கவேண்டும் என்பதற்காக. 2021இல் முதல் தடவையாக ஒரு மண்ணிறச் சாடிக்கு மாற்றினோம். இடையில் மூன்று வீடு மாறியாயிற்று. மூன்று முறையும் அது காரின் பின்னிருக்கையில், இருக்கைப்பட்டி கட்டிக்கொண்டு, எங்களோடு வந்தது. இப்போது அடிமரம் மணிக்கட்டை விட மொத்தம். உயரம் இரண்டு சாண். அறுத்த தழும்பு ஏறக்குறைய மூடிவிட்டது.

சொல்லாமல் இருந்தது

1976இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக யப்பானியப் பொன்சாய் வளர்ப்போர் 53 மரங்களை அன்பளிப்புச் செய்தார்கள். வாஷிங்ரன் தேசிய மரப்பூங்காவின் பொன்சாய் அரும்பொருட்சாலை அவற்றோடுதான் தொடங்கியது. அவற்றுள் ஒன்று, 1625இலிருந்து வளர்க்கப்பட்டுவந்த வெள்ளைப் பைன். கொடுத்தவர் மசாரு யமாக்கி. 2001இல் அவருடைய பேரன்மார் இருவர் மரத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் அங்கிருந்தவர்களுக்கு விடயம் தெரியும்: யமாக்கி குடும்பம் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் அவர்களுடைய நேர்சரி. வீட்டுக் கண்ணாடிகள் நொறுங்கின. மதிலுக்குப் பின்னால் நின்ற இந்த மரமும் குடும்பமும் தப்பின. குண்டு போட்ட நாட்டுக்கு அந்த மரத்தைக் கொடுக்கும்போது அவர் இதைச் சொல்லவில்லை.

இருபத்தைந்து வருடம் சொல்லாமல் விட்ட அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் நமக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. பேரன்மார் போயிராவிட்டால் அந்தக் கதை அத்தோடு போயிருக்கும். முகாம் அனுபவித்த யப்பானிய அமெரிக்கர்களில் மூத்த தலைமுறையும் அப்படித்தான், பிள்ளைகளுக்கு வாய்திறக்கவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிய பிறகே கதைகள் வெளியே வந்தன, இயக்கமாகின. 1988இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டொலர் வழங்கியது. முகாம் திறந்து நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு. மரத்தைக் காப்பாற்றுவது மட்டும் போதாது, மரத்தின் கதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விட்டவை என்னென்ன என்று ஒருநாள் இருந்து எண்ணிப்பார்த்தோம். பட்டியல் நீளம்.

இப்போது நமக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் உண்டு, வங்கிக் கடனோடு. "இனி இதை நிலத்தில் நட்டுவிட்டால் என்ன?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். டொமோற்றோவின் மேப்பிளை நிலம்தான் காப்பாற்றியது. ஆனால் இத்தனை வருடமாக அறுத்து, வளைத்து, சல்லிவேர் விடவைத்த மரம் அது. நிலத்தில் இறக்கினால் ஐந்தாறு வருடத்தில் வேலி ஓரத்து ஓக்குகளில் ஒன்றாகிவிடும். அதிலும் தப்பில்லை. கடைசியில் மகளிடமே விட்டோம். அவள் யோசித்துவிட்டு, இந்த மரம் சாடியிலேயே இருக்கட்டும், இதன் கீழ் ஒரு ஓக் விதை கிடைத்தால் அதை நிலத்தில் போடலாம் என்றாள். சாடியில் நிற்கும் இந்த ஓக் காய்க்க இன்னும் பல வருடம் செல்லலாம். அதுவரை பக்கத்துப் பூங்காவில் பொறுக்கிய விதை இரண்டைப் பின்வளவில் ஊன்றியிருக்கிறோம்.

பொன்சாய் உவமைக்குத் திரும்புவோம். பொன்சாய் பட்டினி போட்டு வளர்த்த மரமல்ல. நிலத்து மரத்தைவிட அதற்குத் தண்ணீரும் பசளையும் கவனமும் அதிகம் வேண்டும். கவனிக்கிற ஒருவர் இருந்தால், அவருக்குப் பின் இன்னொருவர் இருந்தால், அது நானூறு வருடமும் நிற்கும். கலிபோர்னியாவில் அந்த மனிதர்களைக் குறுக்கியது சாடி அல்ல, 1913இன் சட்டமும் 1942இன் ஆணையும்தான். நம்மைக் குறுக்கியவை எவை என்பதையும் அவற்றின் பெயர் சொல்லியே எழுதலாம், மரத்தின் மேல் பழியைப் போடத் தேவையில்லை. இனி 'நாம் பொன்சாய்கள்' என்று கவிதை எழுத விரும்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதலில் நேர்சரியில் பத்துப் பவுணுக்கு ஒரு ஓக் கன்று வாங்கி, ஐந்து வருடமாவது வளர்த்துப் பாருங்கள். பங்குனிதான் நல்ல காலம்.